கப்பல்துறை அக்காவின் விரதம்

வளர்ந்த மனிதர்களை விளையாட வைப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "அப்ப நீ ரீச்சரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நேர்சரியா?" என்றார். அதற்குமேல் நான் விளக்கப் போகவில்லை.

உட்துறைமுக வீதியில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். வீட்டில் சமைக்கிற பெண்களிடம் மத்தியானச் சாப்பாட்டை வாங்கி, கடைகளுக்கும் வேலைத்தளங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப் ஒன்றை நடத்துகிறோம். ஆப்பைச் செய்து தந்தது கொழும்பில் இருக்கும் ஒரு கம்பனி. அதில் வருகிற இங்கிலீசைத் தமிழாக்குவது, பெண்களின் குசினிக்குள் போய் அதைச் சொல்லிக்கொடுப்பது, அவர்கள் நாள் தவறாமல் அதைப் பாவிக்கிறார்களா என்று பார்ப்பது, இவ்வளவும் என் தலையில்.

முதலாளி என்னைவிட இளையவர். ஆனாலும் ஆட்களுக்கு முன்னால் நான் அவரை 'சேர்' என்பேன், அவர் என்னை 'மிஸ்' என்பார். ஒருமுறை கொழும்பில் ஏதோ ஹோட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டு ஆள் புது மனிதராகத் திரும்பி வந்தார். "மிஸ், வீடியோ கேம் விளையாடுறவன் ஏன் இடத்தை விட்டு எழும்புறான் இல்லை, யோசிச்சீங்களா? புள்ளி, படி, பரிசு. இதுகளை வேலைக்குள்ள கொண்டுவந்தா வேலையும் விளையாட்டாகிடும்" என்றார். என்னைக் கேட்டிருந்தால் ஹோட்டலுக்குப் போகாமலே சொல்லியிருப்பேன். அடுப்பில் சோறு அடிப்பிடிக்க அடிப்பிடிக்க, போனில் வண்ண முட்டைகளை வரிசைப்படுத்திக்கொண்டு நின்றவள் நான்.

கொழும்புக்காரர் அனுப்பிய படிகள் சிப்பாய், தளபதி, அரசன் என்று இருந்தன. இந்த ஊரில் சிப்பாய் விளையாட்டு வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்று அதை மாற்றினேன். மண்சட்டி, வெண்கலப்பானை, பொன்சட்டி என்று வைத்துவிட்டு என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்த கிழமையே, மேலே ஏறிய பெண்கள் எல்லாரும் போன் எடுத்து என்னை ஏசினார்கள். "தங்கச்சி, என்னை ஏன் மண்சட்டியால தூக்கினீங்கள்? மீன்கறிக்கு மண்சட்டிதானே ருசி? புளி விட்ட கறியை வெண்கலத்தில வைக்கச் சொல்லுறீங்களோ?" ஒருத்தி தன் புள்ளிகளைக் குறைத்துத் தரச்சொல்லி அழாத குறையாகக் கெஞ்சினாள். கடைசியில் ஒன்றாம் படி, இரண்டாம் படி என்று பள்ளிக்கூடம் மாதிரி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

யார் முன்னுக்கு நிற்கிறார் என்று காட்டும் பட்டியலுக்கு நான் வைத்த அழகான தமிழ்ப் பெயரை ஒருவரும் சீண்டவில்லை. அவர்களுக்கு அது 'ரிசல்ட்ஸ்'. சோதனை எழுதிய பிள்ளைகளைப் போல, "ரிசல்ட்ஸ் வந்திட்டுதா?" என்று பின்னேரம் தவறாமல் பார்த்தார்கள்.

எல்லாவற்றிலும் அவர்களைப் பிடித்து ஆட்டியது இன்னொன்று. காலையில் சமையல் தொடங்கும்போது 'அடுப்பு மூட்டியாச்சு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் அன்றைக்கு ஓடர் விழும். ஒரு நாளும் விடாமல் அழுத்தினால் ஒரு எண் ஏறிக்கொண்டே போகும், புள்ளிகளும் அதற்கேற்பக் கூடும். ஒரு நாள் தவறினால் எண் பூச்சியத்துக்கு விழுந்துவிடும். நான் அதற்குத் 'தொடர்' என்று பெயர் வைத்தேன். பெண்கள் 'விரதம்' என்றார்கள். "காய்ச்சலெண்டாலும் விரதத்தை முறிக்கேல்ல, தங்கச்சி" என்று பெருமையாகச் சொன்னார்கள். கிண்ணியா ராத்தா மட்டும் 'நோன்பு' என்றார்; முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள். இரண்டு சொல்லும் என் சொல்லைவிட நல்லாயிருந்தன. எனக்குக் கொஞ்சம் பொறாமையும்தான்.

ஊர்ப் பெயராலேயே ஆட்களைச் சொல்வது எங்கள் கந்தோரின் வழக்கம். ரிசல்ட்ஸில் எப்போதும் முதல் இரண்டு இடத்தில் நின்றவர்கள் கப்பல்துறை அக்காவும் கிண்ணியா ராத்தாவும். அக்காவுக்கு நாற்பது தாண்டியிருக்கும். குரல் மெல்லிசு, பிடிவாதம் கல்லு. அவருடைய சுறா வறையைச் சாப்பிட்டவர் வேறு வறையை வாயில் வைக்கமாட்டார். ராத்தா அவருக்கு ஒரு பத்து வயது மூத்தவர். அவர் போனில் கதைத்தால் போன் தேவையில்லை, கிண்ணியாவிலிருந்து நேரே கேட்கும். கணவாய்க் கறியில் அவரை அடிக்க ஆள் இல்லை.

இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ரிசல்ட்ஸில் பெயரைப் பார்த்தே பகை வளர்த்தவர்கள். "அந்தக் கிண்ணியா ஆள் நேற்று எத்தினை?" என்று அக்கா என்னிடம் மெல்லக் கேட்பார். "கப்பல்துறையாள் என்ன போட்டு ஆக்குறாவாம்?" என்று ராத்தா உரக்கக் கேட்பார். தன் மகனின் பெயரில் ராத்தா அக்காவின் சாப்பாட்டை ஓடர் செய்து ருசி பார்த்ததும், தன் புருஷனின் பெயரில் அக்கா ராத்தாவின் கணவாயை வரவழைத்துப் பார்த்ததும் ஒரே கிழமையில் நடந்தன. ஆப் எனக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். நான் இருவரிடமும் மூச்சு விடவில்லை.

இப்படிச் சிரிப்பும் பகையுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கப்பல் திருத்தும் வேலைத்தளம் ஒன்றிலிருந்து கேட்டு வந்தார்கள். அங்குள்ள தொழிலாளர்களுக்கு அடுத்த வருசம் முழுக்க மத்தியானச் சாப்பாடு வேண்டும், ஒரே கைச் சமையலாக இருக்க வேண்டும் என்றார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "வருசக் கடைசியில ரிசல்ட்ஸில ஆர் முதலாவதோ, ஓடர் அவவுக்கு" என்று அறிவித்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வாரம் நான் கப்பல்துறைக்குப் போனேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு தரம் குவைத்துக்குப் போய் வீட்டு வேலை செய்தவர். மகள் பெரியபிள்ளையானதைப் போனில் பார்த்து அழுதவர். புருஷன் மூட்டை தூக்கி நாரி எலும்பு விலகி, இப்போது பாரம் தூக்க ஏலாத ஆள். வயதான அப்பாவும் இவரோடுதான். மூன்றாம் பயணத்துக்கு ஏஜென்சிக்காரர் ஒருவர் எல்லாம் ஆயத்தம் செய்துவிட்டார், மெடிக்கலும் முடிந்துவிட்டது என்று தேங்காயைப் பார்த்தபடி சொன்னார்.

"எப்ப பயணம் அக்கா?"

"தை பிறக்க எண்டு சொல்லுறான். மகளுக்குச் சோதினை வருசம். இந்த ஓடர் கிடைச்சா நான் போகமாட்டன். கிடைக்காட்டிப் போகத்தானே வேணும்?" என்றார். பிறகு, தேங்காய்ப்பூவை ஒதுக்கிவிட்டு, "முதலாவதாத்தானே நிக்கிறன், என்ன?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, முதலாவதாத்தான்."

திரும்பி வரும் வழியெல்லாம் முதலாளியை மனதுக்குள் ஏசிக்கொண்டு வந்தேன். பெண்கள் சிரித்து விளையாடட்டும் என்று நாங்கள் வைத்த எண். அதன் நுனியில் ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டாரே என்று எரிச்சலாக இருந்தது. அன்றிலிருந்து கந்தோருக்குள் கால் வைத்ததும் நான் பார்க்கும் முதல் விசயம் அக்காவின் விரதம்தான்.

மார்கழி மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அக்காவின் அப்பா செத்துப்போனார். தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் பிறகு எழும்பவில்லையாம். செய்தி கேட்டு நான் போனபோது முற்றத்தில் தறப்பாள் கட்டி, கதிரைகள் போட்டிருந்தார்கள். குசினியில் அடுப்பு ஆறிக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலட்டையும் சொந்தமும்தான் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்து கொடுக்கும், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும் மட்டும். பின்கதவடியில் சோற்றுக் கரியர்கள் வரிசையாக நின்றன.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவைப் பற்றிச் சொல்லி அழுதார். கொஞ்சம் அடங்கிய பிறகு, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "விரதம் முறிஞ்சுது, தங்கச்சி" என்றார். அந்த நேரத்தில் இதைச் சொல்கிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. "போனையும் ஆரோ எடுத்துக்கொண்டு போயிட்டினம், மணி அடிச்சுக்கொண்டே இருக்குதெண்டு" என்றார். அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ரிசல்ட்ஸைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் பெயர் அடியில் கிடப்பதைப் பார்த்து என்ன செய்ய? வேறு வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை முதலாளி என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார்.

"மிஸ், கப்பல்துறை அக்கா எங்களை ஏமாத்துறா."

கம்பியூட்டரில் ஒரு வரைபடம் இருந்தது. கொழும்புக்காரரின் ஆப், யாராவது கள்ள வேலை செய்கிறார்களா என்று தானே பார்த்துச் சிவப்பில் காட்டுமாம். அக்காவின் போனில் பொத்தான் ஒரு நாள்கூடத் தவறாமல் அழுத்தப்பட்டிருந்தது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. முதல் நாள் பாலையூற்று. அடுத்த நாள் டவுனுக்குள் ஒரு வீடு. பிறகு திரும்பவும் கப்பல்துறை, ஆனால் அக்காவின் வீடு இல்லை, நாலு வீடு தள்ளி. பிறகு பாலம் கடந்து கிண்ணியா. சிவப்புக் கோடு ஒன்று குடாவைச் சுற்றி வீடு வீடாகப் போயிருந்தது. ஒவ்வொரு நாளும் சாப்பாடும் அக்காவின் பெயரில் ஒழுங்காகப் போயிருக்கிறது.

விரதம் முறியவே இல்லை. எனக்கு முதலில் துள்ளத்தான் தோன்றியது. அடுத்த நிமிடம், இதை வைத்தே அக்காவை விழுத்தப் போகிறார்களே என்று பயந்தேன். "நான் போய் விசாரிச்சுக்கொண்டு வாறன் சேர், அதுமட்டும் ஒண்டும் செய்யாதீங்க" என்றுவிட்டுக் கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன்.

ராத்தாவின் குசினியில் குளிர்ப்பெட்டிக்கு மேல் இரண்டு போன்கள் சார்ஜில் கிடந்தன. ஒன்றின் உறையில் கப்பல்துறை அக்காவின் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். ராத்தா அதை மறைக்கக்கூட இல்லை. எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, புதுச் சட்டி ஒன்றில் பருப்புக் கடைந்துகொண்டிருந்தார்.

"இது அவட வீட்டுக்கு. மரக்கறிதானே அவங்க இப்ப தின்னுற. இறைச்சி பட்ட சட்டியில ஆக்கிக் குடுக்க ஏலுமா? அதான் புதுசு வாங்கின" என்றார்.

"ராத்தா, அந்தப் போன்…"

"ஓம், நேத்தும் இண்டைக்கும் எண்ட முறை. நாளைக்குப் பாலையூத்துப் புள்ளைட்டத் திருப்பிப் போகும். சோத்துக் கரியரோட போயி, வெறும் கரியரோட வரும்."

"நீங்க ஏன் அவவிட பொத்தானை அமத்துறீங்க?"

ராத்தா மத்தைக் கீழே வைத்துவிட்டு, விளங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "மவுத்து வீட்டுல அடுப்பு பத்த வெப்பாங்களா, புள்ள? அயல்ல உள்ளவங்கதானே ஆக்கிக் குடுக்கணும்? அவவுக்கு அடுப்பு ரெண்டு. ஒண்டு வீட்டுல இரிக்கி, ஒண்டு உங்கட ஆப்புக்குள்ள இரிக்கி. ரெண்டையும் நாங்கதானே பாக்கணும்? உங்கட பொத்தான்லயும் அடுப்பு மூட்டியாச்சு எண்டுதானே எழுதியிரிக்கி. ஆரு மூட்டின எண்டு கேக்கல்லயே."

அந்தப் பொத்தானுக்குப் பெயர் வைத்தவள் நான்தான். அவர் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

"இதைக் கள்ளவேலை எண்டு கொழும்பில சொல்லுறாங்க, ராத்தா."

"ஆர ஏமாத்தின? தின்னவனுக்குச் சோறு போகல்லயா? கறியில குறையா? அவட பேர்ல நான் ஆக்கின கணவாய்க்கு அஞ்சு நட்சத்திரம். அதே கறிய எண்ட பேர்ல ஆக்கினா நாலு. நீங்க விசாரிக்கிறதெண்டா முதல்ல இத விசாரிங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராத்தா சிரிக்கவில்லை, அவருக்கு அது உண்மையான கவலை. அவர் அக்காவின் விரதத்தைக் காப்பாற்றாமல் விட்டிருந்தால் முதலாம் இடம் தானாகவே அவருக்கு வந்திருக்கும், அதையும் எடுத்துச் சொன்னேன்.

"வந்திரிக்கும்தான். நான் அவவ வெல்லத்தான் போறன், நீங்க பாத்துக்கிட்டே இருங்க. ஆனா வாப்பாவப் பறிகுடுத்திட்டு அழுதுக்கிட்டிரிக்கிறவள வெல்லுறதா? அப்பிடி வெண்டு போட்டு நான் ஆருக்கிட்டச் செல்லுற?" என்றார். பிறகு அவருடைய குரல், நான் ஒருநாளும் கேட்டிராத அளவுக்குத் தாழ்ந்தது. "இந்தப் போன்ல ஏஜென்சிக்காரன் ஒருத்தன் ஓயாம எடுக்கிறான். மவுத்து வீடு, புறகு எடுங்க எண்டு செல்லிச் செல்லி வெச்சன். அவ வெளிநாடு போறதுக்கு இரிந்தாவாமே? நீங்க எனக்குச் செல்லல்லயே, புள்ள."

ஓம் என்று தலையை ஆட்டினேன். ராத்தா பருப்பைத் திரும்பவும் கடையத் தொடங்கினார்.

பின்னேரம் கந்தோருக்கு வந்து முதலாளியோடு மல்லுக்கட்டினேன். செத்தவீட்டு முறையைச் சொன்னேன், அயலைச் சொன்னேன், பருப்புச் சட்டியைக்கூடச் சொன்னேன். அவரும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. "எனக்கு விளங்குது மிஸ், எனக்கு விளங்காதா? ஆனா ஒராளுக்காக விளையாட்டை வளைச்சா பிறகு ஆர் அதை நம்புவினம்?" என்றார். அக்காவின் கணக்கை நிறுத்திவிட்டார். எண் பூச்சியமானது. உடனேயே ராத்தாவுக்குப் போன் எடுத்து, வாழ்த்துச் சொல்கிற குரலில், நீங்கள்தான் இனி முதலாவது, ஓடர் அநேகமாக உங்களுக்குத்தான் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்ததை நான் என் மேசையிலிருந்தே முழுதாகக் கேட்டேன். எழுத ஏலாது. முதலாளி போனை வைத்தபோது அவருடைய காது சிவந்திருந்தது.

மறுநாள் காலை ரிசல்ட்ஸைத் திறந்தால் ஆப் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒருவர்கூடப் பொத்தானை அழுத்தவில்லை. ராத்தா இரவோடிரவாக எல்லாருக்கும் ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தார், எங்களுக்குச் சமைக்கிறவர்களில் ஒருத்தியான பாலையூற்றுத் தங்கச்சி எனக்கும் அதை அனுப்பினாள். "கப்பல்துறையாள்ர அடுப்ப அவிச்சிட்டாங்க. இண்டைக்கு ஒருத்தரும் அமத்தாதீங்க." அவ்வளவுதான். மாதக் கணக்கில் காய்ச்சலிலும் கலியாண வீட்டிலும் முறியாமல் காத்த விரதங்களை அத்தனை பெண்களும் ஒரே காலையில் விட்டுவிட்டார்கள். மேலிருந்து கீழ்வரை பூச்சியம். கிண்ணியா ராத்தா பூச்சியம். கப்பல்துறை அக்காவும் பூச்சியம். ராத்தா தன் எண்ணை எவ்வளவு ஆசையாக வளர்த்தவர் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் பெண்களைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது.

சாப்பாடு நிற்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. சாப்பிடுகிறவர்களுக்குச் சமைக்கிறவர்களை எப்போதோ பழக்கமாகிவிட்டது. நேரே போன் எடுத்துக் கேட்டார்கள், இவர்கள் ஆக்கி அனுப்பினார்கள். ஆப் மட்டும் பட்டினி. முதலாளி கம்பியூட்டரைப் பார்த்தபடி வாயில் பேனையை வைத்துக்கொண்டு இருந்தார். மத்தியானம் கந்தோர்ப் படியில் ஒரு பார்சல் வந்தது. யாரும் ஓடர் செய்யவில்லை. பிரித்தால் கணவாய்க் கறி, இரண்டு பேருக்கு. பார்சலோடு ராத்தாவின் வொய்ஸ் ஒன்றும் என் போனுக்கு வந்தது. "சேர் பசி கிடக்கக் கூடா. கோவம் கோவம், சோறு சோறு."

முதலாளி சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து கொழும்புக்குப் போன் எடுத்து, அக்காவின் கணக்கைப் பழையபடி திறக்கச் சொன்னார், மற்றவர்களின் விரதத்தையும் முதல்நாள் இருந்தபடியே வைக்கச் சொன்னார். என்ன காரணம் என்று போடுவது என்று கேட்டார்களாம். தவறுதல், தொழில்நுட்பக் கோளாறு, வேறு என்று மூன்று காரணங்கள்தான் ஆப்பில் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். "வேறு எண்டு போடுங்க" என்றேன்.

எட்டுச் செலவன்று முதலாளியும் நானும் கப்பல்துறைக்குப் போனோம். மழை விட்டு வெயில் அடித்தது. பின்வளவில் பெரிய சட்டிகளைக் கழுவிக்கொண்டு ராத்தா நின்றார், பாலையூற்றுத் தங்கச்சி தண்ணீர் அள்ளி ஊற்றினாள். ராத்தாவை அன்றுதான் முதல் தரம் கண்டாராம் அக்கா. கண்டதும் ஏதாவது பகை காட்டினாரா என்று எனக்கு அறிய ஆசை. தங்கச்சி சொன்னாள், இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அடுத்த கதையே கணவாயை எவ்வளவு நேரம் அவிப்பது என்பதுதானாம்.

முதலாளி அக்காவிடம், உங்கள் விரதம் முறியவில்லை, நீங்கள்தான் முதலாவது என்றார். அக்காவுக்கு விளங்கவில்லை. போனை எடுத்துப் போனது மணி அடிப்பதால்தான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவர். நான் அந்த வரைபடத்தை என் போனில் திறந்து காட்டினேன். "இதென்ன தங்கச்சி, சிவப்புக் கோடு?" என்றார். இது பாலையூற்று, இது டவுன், இது உங்கள் ஒழுங்கையில் நாலாம் வீடு, இது ராத்தாவின் குசினி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அப்பாவைக் கொண்டுபோன அண்டைக்குமோ?" என்று கேட்டார். அண்டைக்கும்தான் என்றாள் தங்கச்சி. அக்கா கோட்டின்மேல் விரலை வைத்து மெல்ல மெல்லக் கொண்டுபோனார். முதலாளி முற்றத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அக்கா நிமிர்ந்து, "இந்த நாளெல்லாம் என்ட கணக்கில வரக்கூடாது. நான் சமைக்கேல்ல" என்றார். நான் சொன்னேனே, பிடிவாதம் கல்லு என்று. "ராத்தா சமைச்சது ராத்தாக்குத்தான் போகவேணும். ஓடரும் அவவுக்குத்தான்."

"மவுத்து வீட்டுக்குக் குடுத்த சோத்தத் திருப்பிக் கேக்கிறவளா நான்?" ராத்தா ஈரக் கையோடு உள்ளே வந்தார். "எனக்கு வேணாம். நீங்க எடுங்க."

"நான் எடுக்கமாட்டன்."

"அப்ப நானும் எடுக்கல்ல."

முதலாளி நடுவில் புகுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரை "நீங்கள் இருங்கோ சேர்", "நீங்க இரிங்க சேர்" என்று அடக்கிவிட்டார்கள். அக்காவின் மகள் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வருச ஓடரை வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் தள்ளுவதை, கொழும்புக்காரர் யாராவது வந்து பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சண்டைக்கு நடுவில் அக்காவின் போன் அடித்தது. ராத்தா தன் சட்டைக்குள்ளிருந்து அதை எடுத்துப் பார்த்தார். "அவன்தான். ஏஜென்சிக்காரன்" என்று சொல்லி, இந்த முறை தான் கதைக்காமல் போனை அக்காவிடம் நீட்டினார். மகள் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சுவரோடு நின்றாள். ஓடர் யாருக்கு என்று இன்னும் ஒரு முடிவும் இல்லை.

அக்கா போனைக் காதில் வைத்தார்.

"ஓம் தம்பி, நான்தான்… ஓம், அப்பாதான்… இல்ல தம்பி, நான் வரேல்ல… தையிலயும் இல்ல, பிறகும் இல்ல." அந்தப் பக்கத்தில் அவன் நீளமாக ஏதோ சொன்னான். அக்கா பொறுமையாகக் கேட்டார். "இல்லை, அப்பா செத்ததால இல்ல. அப்பா இல்லையெண்டா இனி போகலாம்தான். ஆனா, தம்பி, இங்க எனக்கு ஆக்கள் இருக்கினம்."